கணினிக்கு உங்கள் கை தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் பாட்டியுடன் வீடியோ காலில் பேசுகிறீர்கள். பேசி முடித்ததும் கேமராவைப் பார்த்து டாட்டா காட்டுகிறீர்கள். பாட்டி சிரிக்கிறார். "டாட்டா கண்ணு! வெளியே போறப்ப ஸ்வெட்டர் போட்டுக்கோ" என்கிறார்.

நீங்கள் கை அசைத்தது பாட்டிக்குத் தெரிந்தது. உங்கள் கணினிக்குத் தெரிந்ததா?

கணினிக்குத் தானாக எதுவும் தெரியாது. யாராவது நிரல் எழுதிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம். எப்படின்னு பார்ப்போமா?

படம் முழுவதும் எண்கள்

கேமரா ஒரு நொடியில் சுமார் 30 படங்கள் எடுக்கும். அவற்றை வேகமாக, ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பதால்தான் நமக்கு அசைவது போலத் தெரிகிறது.

ஒவ்வொரு படமும் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. இவற்றைப் பிக்சல் என்பார்கள். ஒரு வரிசையில் 640 புள்ளிகள், அப்படி 480 வரிசைகள் இருந்தால், ஒரு படத்தில் மொத்தம் 3,07,200 புள்ளிகள்!

ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் உண்டு. சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று அவை சொல்லும். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கும். மூன்றும் 0 என்றால் கறுப்பு. மூன்றும் 255 என்றால் வெள்ளை. உங்கள் சட்டை, சுவர், பூனை எல்லாமே கணினிக்கு எண்கள்தான்.

வித்தியாசம் கண்டுபிடி!

'ஆறு வித்தியாசங்கள்' விளையாட்டு உங்களுக்குத் தெரியும்தானே? இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே மாறியிருக்கிறது என்று தேடுவோம். கணினியும் அதே விளையாட்டைத்தான் விளையாடப் போகிறது.

சுவரில் ஒரு புள்ளியின் எண் 200 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த படத்தில் அந்த இடத்துக்கு உங்கள் கை வருகிறது. எண் 120 ஆகிவிடுகிறது. 200-இலிருந்து 120-ஐக் கழித்தால் 80. பெரிய வித்தியாசம்! அங்கே ஏதோ அசைந்திருக்கிறது.

ஆனால், ஒன்றுமே அசையாதபோதும் கேமராவின் எண்கள் கொஞ்சம் ஆடும். 200 என்பது 202 ஆகும், பிறகு 199 ஆகும். அதையெல்லாம் அசைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதனால் ஒரு வரம்பு வைக்கிறோம். 30-க்கு மேல் மாறினால் மட்டும் அசைவு என்போம்.

நம் நிரலைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

1. ஒரு படம் எடு.
2. அடுத்த படம் எடு.
3. ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்.
4. வித்தியாசம் 30-க்கு மேல் இருந்தால், அந்தப் புள்ளியைக் குறித்துக்கொள்.
5. குறித்த புள்ளிகளின் நடுவில் ஒரு வட்டம் போடு.
6. மறுபடியும் 2-க்குப் போ.

நடுவை எப்படிக் கண்டுபிடிப்பது? சராசரி எடுக்க வேண்டும். குறித்த புள்ளிகள் இடப்பக்கத்திலிருந்து 100, 110, 120 என்ற இடங்களில் இருந்தால், கூட்டினால் 330. மூன்றால் வகுத்தால் 110. மேலிருந்து கீழாகவும் இதே கணக்குதான். இப்போது உங்கள் கை போகும் இடமெல்லாம் வட்டமும் கூடவே ஓடும்.

கணினி எப்போது ஏமாறும்?

அறையில் லைட் போட்டால் எல்லாப் புள்ளிகளும் மாறும். அறையே அசைந்துவிட்டது என்று கணினி நினைக்கும்!

நீங்களும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் நின்று ஆடினால், வட்டம் இருவருக்கும் நடுவில், ஆளே இல்லாத இடத்தில் போய் நிற்கும். சராசரி எடுத்தோம் அல்லவா? அதனால்தான்.

இன்னொன்று. நீங்கள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தால் வித்தியாசமே இல்லை. வட்டம் மறைந்துவிடும். "அறையில் யாரும் இல்லை" என்று கணினி சொன்னால் நம்பலாமா? நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள்! அது தேடியது ஆளை அல்ல, மாற்றத்தை. ஒரு கருவி ஏதாவது சொன்னால், அது எதை அளந்தது என்று நாம் கேட்க வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஸ்கிராட்ச் என்ற நிரல் மொழி 2007-இல் வெளியானது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் குழந்தைகளுக்காக உருவாக்கினார்கள். இதற்குக் காசு வேண்டாம். புள்ளிகளை ஒப்பிடும் வேலையை அதுவே செய்துவிடும்.

முதலில் அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

* கீழே இடது மூலையில் உள்ள பொத்தானை அழுத்தி, 'வீடியோ சென்சிங்' பகுதியைச் சேருங்கள். கேமரா திறக்கும்.
* ஒரு பலூன் படத்தைச் சேருங்கள்.
* வீடியோ அசைவு 30-ஐத் தாண்டினால், பலூன் 'டப்' என்று சத்தம் போட்டு மறைய வேண்டும். ஒரு நொடி கழித்து வேறோர் இடத்தில் தோன்ற வேண்டும். இதற்கான கட்டங்களை அடுக்குங்கள்.

இப்போது கையால் பலூனைத் தட்டுங்கள். டப்!

பலூன் உங்கள் முகத்தின் மேல் வந்து நின்றால், மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருங்கள். வெடிக்காது. பிறகு தலையை ஆட்டுங்கள். என்ன ஆச்சு?

விளையாடி முடித்ததும் கேமராவை அணைத்துவிடுங்கள். மற்றவர்களைக் கேட்காமல் அவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். அடுத்த வாரம் பாட்டியிடம் பேசும்போது, "பாட்டி, நான் கணினிக்கு வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன்" என்று சொல்லுங்கள். எப்படி என்று அவர் கட்டாயம் கேட்பார். தமிழிலேயே விளக்குங்கள்.

சொற்பொருள்

நிரல் – கணினி செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லும் கட்டளைகள்
வரம்பு – எல்லை
சராசரி – எண்களைக் கூட்டி, எத்தனை எண்களோ அத்தனையால் வகுத்தால் கிடைப்பது
ஒப்பிடுதல் – இரண்டைச் சேர்த்துப் பார்த்து, என்ன வேறுபாடு என்று அறிதல்

பதில் சொல்லுங்கள்

1. வரம்பை 30-இலிருந்து 2 ஆகக் குறைத்தால் என்ன நடக்கும்?
2. ஜன்னல் திரை காற்றில் ஆடினால் கணினி என்ன நினைக்கும்? ஏன்?
3. குறித்த புள்ளிகள் 40, 50, 90 என்ற இடங்களில் உள்ளன. நடு எது?