நரம்பு வலையமைப்பில் படைக்கேற்ற மட்டந்தட்டல்

நரம்பு வலையமைப்பு பல படைகளைக் கொண்டது. ஒவ்வொரு படையிலும் ‘நிறைகள்’ எனப்படும் எண்கள் உள்ளன. பொதுவாக 32 பிற்றுகளில் சேமிக்கப்படும் ஒரு நிறையை 8 பிற்றுகளுக்கு மட்டந்தட்டினால் தேவையான நினைவகம் நான்கிலொன்றாகும். ஆனால் 8 பிற்றுகளால் 256 பெறுமானங்களையே குறிக்கலாம். 5 பிற்றுகளால் 32 மாத்திரமே. பிற்றுகள் குறைய வழு கூடும்.

இவ்வழு எல்லாப் படைகளையும் ஒரேயளவிற் பாதிப்பதில்லை. இதை அறிவது எப்படி? ஒரு படையை மாத்திரம் மட்டந்தட்டுக. ஏனையவற்றை மாற்றாது விடுக. சரியான விடைகள் பெரிதும் குறைந்தால் அப்படை உணர்திறன் கூடியது. அதற்குக் கூடிய பிற்றுகள் வழங்கப்பட வேண்டும்.

உதாரணம்: படங்களை இனங்காணும் அலெக்ஸ்நெற் (2012). இதன் ஏறத்தாழ 6 கோடி நிறைகளில் 95%இற்கும் மேற்பட்டவை இறுதி 3 படைகளில் உள்ளன. 2015இல் சொங் ஹான் முதலிய ஆய்வாளர்கள் தேவையற்ற நிறைகளை நீக்கியபின், உணர்திறன் கூடிய முதல் 5 படைகளுக்கு 8 பிற்றுகளும் இறுதி 3 படைகளுக்கு 5 பிற்றுகளும் வழங்கினர். விடைகளின் செம்மை குறையவில்லை.

கவனிக்க: எல்லாப் படைகளுக்கும் 8 பிற்று எனின் இடம் வீணாகும், எல்லாவற்றுக்கும் மிகக் குறைத்தால் விடை பிழைக்கும். நிறைகள் மிகுந்த படை உணர்திறன் குறைந்ததாயின் சேமிப்பு மிகப் பெரிது. “ஏன் படைக்குப் படை பிற்றுகள் வேறுபடுகின்றன?” என்ற வினாவுக்கு இக்காரணத்தையே எழுதுக.