வில்லையும் விழியழுத்தமும்

ஏரிக்கு நீரைக் கொணர்வது வரத்துக்கால். மிகுநீரை வெளியேற்றுவது கலங்கல். வரவும் போக்கும் ஒத்திருக்கும்வரை கரைக்குக் கேடில்லை. கண்ணின் முற்பகுதியும் இவ்வாறே இயங்குகிறது. கண்ணுக்குள் ஓயாது சுரக்கும் தெளிந்த நீர்மம், கருவிழிப்படலமும் வெண்விழிப்படலமும் கூடும் விளிம்பிலுள்ள வலைபோன்ற திசுவின் வழியே வடிந்து குருதி நாளங்களை அடைகிறது. இது கண்ணீர் அன்று. இந்நீர்மத்தால் உண்டாகும் அழுத்தம் பெரும்பாலோர்க்கு 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும். வடிகால் தடைப்பட்டால் அழுத்தம் உயரும். பார்வை நரம்பு நலிவுறும். இவ்வாறு வரக்கூடியதே கிளாக்கோமா எனப்படும் கண்நீர் அழுத்த நோய். இதனால் இழந்த பார்வையை மீட்க இயலாது.

அறிகுறி காட்டாத நோய்

இந்நோய் பெரும்பாலும் வலியின்றியே வளர்கிறது. திருத்தணியை உள்ளடக்கிய திருவள்ளூர் மாவட்டத்திலும் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் உள்ள சிற்றூர்களில், 40 வயதும் அதற்கு மேலும் ஆனோரைச் சென்னை சங்கர நேத்ராலயாவின் ஆய்வாளர்கள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்தனர். சோதிக்கப்பட்ட ஏறத்தாழ 3,900 பேரில் 64 பேருக்கு மெல்ல வளரும் வகைக் கிளாக்கோமா இருந்தது. அவர்களுள் ஒருவருக்கு மட்டுமே அது முன்னரே கண்டறியப்பட்டிருந்தது.

வெண்விழியில் அமரும் வில்லை

கருவிழிப்படலம் மெலிந்து கூம்புபோல் புடைக்கும் குறைபாடு பெரும்பாலும் வளரிளம் பருவத்தில் தோன்றுகிறது. குறைபாடு முற்றியவர்க்குக் கண்ணாடி போதாது. அவர்களுள் பலருக்கு 'ஸ்கிளிரல் லென்ஸ்' என்னும் அகன்ற தொடுவில்லை தெளிந்த பார்வையைத் தருகிறது. அது கருவிழியைத் தொடாமல் வெண்விழியின்மீது அமர்கிறது. இடைவெளியில் உப்புநீர்க் கரைசல் நிரம்பியிருக்கும். 1888ஆம் ஆண்டில் அடால்ஃப் ஃபிக் வெளியிட்ட தொடக்ககாலத் தொடுவில்லையும் வெண்விழியில் அமரும் கண்ணாடி வில்லையே.

வில்லை அமரும் இடத்திற்கு அருகிலேயே கண்ணின் வடிகாலும் உள்ளது. ஆகவே, வில்லையின் அழுத்தம் நீர்மத்தின் போக்கைத் தடுக்குமோ என்னும் ஐயம் எழுந்தது. இதற்கு விடை காண்பது எளிதன்று. அழுத்தமானிகள் பெரும்பாலும் கருவிழியின்மீதே அளக்கும். வில்லை அணிந்திருக்கையில் அது இயலாது. எனவே வில்லையைக் கழற்றியவுடனோ, அணிந்த நிலையில் வெண்விழியின்மீதோ ஆய்வாளர்கள் அளந்தனர். சில ஆய்வுகள் சில மில்லிமீட்டர் உயர்வைக் காட்டின. வேறு சில குறிப்பிடத்தக்க மாற்றம் எதனையும் காட்டவில்லை. மெலிந்த கருவிழியில் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகப் பதிவாகக்கூடும் என்பதும் கருதத்தக்கது.

அளவீடே காவல்

ஆகவே, வில்லையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அளவீட்டைத் தவிர்த்தலே தவறு. வில்லை பொருத்தும் முன்னரும் பின்னர் மருத்துவர் குறிக்கும் நாள்களிலும் விழியழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதித்தல் வேண்டும். முன்பே கிளாக்கோமா உள்ளவர்க்கு இக்கண்காணிப்பு இன்றியமையாதது. இத்தகைய வில்லைக்காகத் திருத்தணி போன்ற ஊர்களிலிருந்து பெருநகர் செல்வோர், பார்வை தெளிந்துவிட்டது என்று மறுசோதனையைக் கைவிடலாகாது. தெளிவாகத் தெரியும் கண்ணிலும் அழுத்தம் உயர்ந்திருக்கக்கூடும். அதனைக் கருவியே அறியும்.