கன்னத்தில் அதக்கும் நஞ்சு

சாப்பிட்டு முடித்ததும் ஒரு வெற்றிலை மடிப்பு. களையெடுக்கும்போது ஒரு கிள்ளு போயிலை. இரவு வண்டி ஓட்டுகையில் தூக்கம் வராமலிருக்க ஒரு பாக்குப் பொட்டலம். பீடி, சிகரெட்டைக் கண்டிக்கும் வீட்டில்கூட இவற்றை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இன்று முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்குத்தான். பெண்களையும் அது விடுவதில்லை. அதன் பெரும்பகுதி வராமலே தடுக்கக்கூடியது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

'வெறும் பாக்குதானே!'

போயிலை போடாதவர்கள் சொல்லும் சமாதானம் இது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே, புகையிலை சேராவிட்டாலும் பாக்கு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று அறிவித்துவிட்டது. தொடர்ந்து பாக்கு மெல்லும்போது கன்னத்தின் உட்சதை நார் நாராகத் தடித்து இறுகுகிறது. முதலில் காரம் பட்டால் எரியும். பிறகு வாயை முழுதாகத் திறக்க முடியாது. இந்த இறுக்கம் பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடியது. கல்லூரி வயதுப் பிள்ளைகளிடமும் இது காணப்படுவது வேதனையானது.

புகையிலை சேர்ந்தால் ஆபத்து கூடுகிறது. அதிலுள்ள நைட்ரோசமைன்கள் செல்லின் மரபுப்பொருளையே சிதைக்கின்றன. மணிக்கணக்கில் ஒரே இடத்தில் அதக்கி வைப்பதால் அந்த இடத்திலேயே புண் கிளம்புகிறது. கூடவே மதுவும் இருந்தால் ஆபத்து பன்மடங்காகும். பல்வலிக்குப் போயிலை வைப்பதும் வேண்டாம். வலி சற்று மரத்ததுபோல் தோன்றலாம், சொத்தை அப்படியேதான் இருக்கும்.

மாதம் ஒருமுறை கண்ணாடி முன்

நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறந்து உதடு, கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் ஓரங்கள், அடிநாக்கு, மேலண்ணம் எல்லாவற்றையும் பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் செல்லுங்கள்:

- இரண்டு வாரமாகியும் ஆறாத புண்
- தேய்த்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு
- கன்னத்திலோ கழுத்திலோ கட்டி
- காரணமில்லாமல் ஆடும் பல், விழுங்குவதில் சிரமம்
- மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நுழைக்க முடியாத அளவு வாய் இறுக்கம்

வலி இல்லையே என்று காத்திருக்காதீர்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. திருவனந்தபுரத்தில் நடந்த பெரிய ஆய்வொன்றில், பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்துச் சோதித்தார்கள். புகையிலை, மது பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது. 2005-இல் வெளியான முடிவு இது. கண்ணால் பார்ப்பதற்கே அவ்வளவு பலன்!

விடுவது எப்படி?

ஒரு நாளைக் குறித்துக்கொண்டு வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். சட்டைப்பை, முந்தானை, வண்டி எங்கும் பொட்டலம் இருக்கக் கூடாது. ஆசை கிளம்பினால் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் தண்ணீர் குடியுங்கள். ஏலக்காயோ சோம்போ மெல்லுங்கள். முதல் வாரம் எரிச்சலும் தூக்கமின்மையும் இருக்கும், பிறகு குறையும். முடியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கும். புகையிலைப் பொட்டலத்தின் மேலேயே அந்த எண் அச்சிடப்பட்டிருக்கிறது. கீரை, காய், பழம் தினமும் சாப்பிடுங்கள். கன்னத்தைக் குத்தும் கூரான பல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்

தமிழக அரசு 2013-இல் குட்கா, பான் மசாலாவுக்குத் தடை விதித்தது. 2003-ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. கல்வி நிலையங்களிலிருந்து 100 கஜ தூரத்துக்குள் யாருக்கும் விற்கக் கூடாது. சிறுவருக்குப் புகையிலை கொடுத்தால், 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. உங்கள் பிள்ளையின் பள்ளி வாசலில் விற்பனை நடந்தால் காவல் நிலையத்திலோ மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலோ எழுத்துமூலம் புகார் கொடுங்கள். பெற்றோர் சிலர் சேர்ந்து கையெழுத்திட்டால் வலு கூடும்.

30 வயது கடந்தவர்களுக்கு வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்வது அரசின் திட்டத்திலேயே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தயங்காமல் கேளுங்கள். நோய் உறுதியானால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ள குடும்பங்களுக்குச் சிகிச்சைச் செலவில் கைகொடுக்க வழி உண்டு.

உங்கள் வீட்டில் பாக்கோ போயிலையோ போடும் அப்பா, அம்மா, பாட்டி, அண்ணன் யாராக இருந்தாலும் திட்டாதீர்கள். இந்த வாரமே கூட்டிச் சென்று வாயைக் காட்டுங்கள்.