வாலை ஆட்டிக்கொண்டே தரையை நனைப்பது ஏன்?

சிவகாசியில் எங்கள் தெருவில் ஒரு வீடு. மாலையில் பட்டாசு ஆலையிலிருந்து அப்பா திரும்பும் நேரம். சைக்கிள் மணி கேட்டதுமே நான்கு மாதக் குட்டியான மணி வாசலுக்குப் பாயும். வாலை மட்டுமா ஆட்டும்? உடம்பையே ஆட்டும். அடுத்த நொடி தரையில் நான்கைந்து சொட்டு ஈரம்! "மறுபடியுமா?" என்று அப்பா அதட்டுவார். மணி காதை மடக்கிக்கொண்டு மல்லாந்து படுக்கும். இன்னும் கொஞ்சம் ஈரம். ஒரு மாதம் இப்படியே போயிற்று. "இதைக் கண்மாய்க் கரையில் விட்டுவிட்டு வருகிறேன்" என்று அவர் சொன்ன அன்று, பத்தாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் என்னிடம் ஓடி வந்தாள். "சார், மணிக்கு நோயா, இல்லை, திமிரா?"

நான் இயற்பியல் ஆசிரியன். கால்நடை மருத்துவன் அல்லன். ஆனால் இந்தக் கேள்வியில் பாதி இயற்பியல்தான். மீதியைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஒரு பலூனில் நீர் நிரப்பி, அதன் வாயை விரல்களால் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் அழுத்தத்தைவிட உங்கள் பிடி வலுவாக இருக்கும்வரை ஒரு சொட்டும் வெளியே வராது. சிறுநீர்ப்பையும் அப்படித்தான். விரல்களுக்குப் பதிலாக அங்கே சுருக்குத் தசைகள் உள்ளன. குட்டி துள்ளும்போது வயிற்றுத் தசைகள் இறுகிப் பையை நெருக்குகின்றன. அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. அதே நொடியில் பிடியும் தளர்ந்தால் என்ன ஆகும்? மணியின் கதைதான்.

பிடி ஏன் தளர்கிறது? சிறுநீர் கழிப்பதை நடத்தும் சிறு மையம் ஒன்று மூளைத் தண்டில் இருப்பதை 1925-இல் பாரிங்டன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் பூனைகளிடம் கண்டு எழுதினார். வளர்ந்த விலங்கில் மேல்மூளை இந்த மையத்துக்குக் கடிவாளம் போடுகிறது. குட்டியிடம் அந்தக் கடிவாளம் இன்னும் முழுதாக முறுக்கேறவில்லை. மகிழ்ச்சி பொங்கும்போது கை நழுவிவிடுகிறது. அடக்கத் தெரிந்தும் அடக்காமல் இருக்கிறது என்று நினைப்பது தவறு.

இங்கே ஒரு சுவையான செய்தி. 3 கிலோவுக்கு மேற்பட்ட பாலூட்டிகள், நாயானாலும் யானையானாலும், நிறைந்த பையைக் காலி செய்ய ஏறத்தாழ 21 நொடிகளே எடுத்துக்கொள்கின்றன என்று அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார் 2014-இல் வெளியிட்டனர். யானையின் சிறுநீர்க்குழாய் மிக நீளமானது. அந்த உயரத்தில் புவியீர்ப்பு நீரை வேகமாக இழுத்துவிடுகிறது! வாசலில் மணி விடும் சொட்டுகளோ ஓரிரு நொடியில் நின்றுவிடும். அது சிறுநீர் கழிப்பதன்று, சிந்துவது.

சரி, அதட்டியபின் மல்லாந்து படுத்தது ஏன்? இதுதான் கதையின் முக்கியமான இடம். பிறந்து சில வாரங்கள்வரை நாய்க்குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது. தாய் அதைப் புரட்டிப்போட்டு அடிவயிற்றுப் பக்கம் நக்கிவிடும். அந்தத் தூண்டலால் அனிச்சைச் செயலாகச் சிறுநீர் வரும். பெரிய ஓநாயின் முன் சிறிய ஓநாய் மல்லாந்து பணிவதைக் கவனித்த ருடால்ஃப் ஷெங்கல் என்பவர், அது இந்தக் குட்டிப் பருவ நிலையிலிருந்தே வந்தது என்று 1967-இல் விளக்கினார். "நான் சின்னவன், என்னை ஒன்றும் செய்துவிடாதே" என்பதே அதன் பொருள். ஆக, மணி அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது, அதற்குத் தெரிந்த ஒரே மொழியில்! அவர் அதட்ட அதட்ட, அது மேலும் கேட்டது.

அப்பாவிடம் நான் சொன்னது இவ்வளவே: வந்ததும் குட்டியைப் பார்க்காதீர்கள், பேசாதீர்கள். கைகால் கழுவுங்கள். அது அடங்கியபின் பக்கவாட்டில் உட்கார்ந்து, தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல் மார்பைத் தடவுங்கள். முடிந்தால் முதல் சந்திப்பைத் தெருவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சிந்தினால் பேசாமல் துடைத்துவிடுங்கள். தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள். எங்கள் ஊர் வெயிலில் அது கொடுமை. பெரும்பாலான குட்டிகளிடம் ஓராண்டுக்குள் இப்பழக்கம் மறைந்துவிடும்.

பட்டாசுச் சத்தத்தால் சிறுநீர் விடும் நாயின் நிலை வேறு. அது வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டு நடுங்கும், ஒளிய இடம் தேடும். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபெல் என்பது சட்டம் வைத்த எல்லை. நமக்கு 20,000 ஹெர்ட்சோடு முடியும் கேள்வி, நாய்க்கு 45,000 வரை நீளும். தீபாவளியன்று அதைச் சன்னல் சாத்திய அறையில் வைத்து, யாராவது கூடவே இருங்கள். வளர்ந்த நாய் திடீரென்று இப்படித் தொடங்கினாலோ, தூக்கத்தில் படுக்கையை நனைத்தாலோ, அது நோயாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மணியைக் கண்மாய்க்குக் கொண்டுபோகும் பேச்சு இப்போது இல்லை. ஈரமான நாள்களுக்கு அந்தப் பெண் சுவர்க் காலண்டரில் சிவப்புப் புள்ளி வைத்து வருகிறாள். புள்ளிகள் மெல்லக் குறைகின்றன. மதுரையிலிருந்து மாமா வந்து, குனிந்து, "டேய் மணி!" என்று கூவிய ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் ஒரு பெரிய புள்ளி இருக்கிறது.