கையைத் திருத்த ஓர் ஆள் வேண்டும்!

மரவேலை பழக ஆசைப்படுபவரா நீங்கள்? ரம்பமும் உளியும் வாங்கியாயிற்று. கைப்பேசியில் பத்துப் படங்களும் பார்த்தாயிற்று. பலகையில் கோடு போட்டு அறுக்க உட்கார்ந்தால், ரம்பம் கோட்டை விட்டு விலகித் தன் வழியே போகிறது. ஏன்?

அது படத்தில் தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும். உங்கள் முழங்கை வெளியே விரிந்திருக்கும். ரம்பம், மணிக்கட்டு, முழங்கை, தோள் நான்கும் ஒரே நேர்கோட்டில் ஓட வேண்டும். கைப்பிடியை நான்கு விரலாலும் இறுக்கியிருப்பீர்கள். ஆள்காட்டி விரலை ரம்பத்தின் போக்கில் நீட்டி வைத்தால் அது அவ்வளவாக முறுக்கிக் கொள்ளாது. கைதேர்ந்த தச்சர் இதை அரை நிமிடத்தில் கண்டுபிடித்து, முழங்கையை லேசாகத் தட்டி உள்ளே தள்ளுவார். அந்த ஒரு தட்டுக்காகத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது.

இழைப்புளியும் அப்படியே. நார் ஓடும் திசையில் இழைத்தால் பட்டுப்போலச் சுருள் வரும். எதிர்த்து இழைத்தால் மரம் பிய்ந்து குழி விழும். உளிக்கோ கூர்மைதான் உயிர். மழுங்கிய உளியைப் பலம் கொடுத்துத் தள்ளுவீர்கள். அது வழுக்கி, மரத்தைப் பிடித்திருக்கும் இடக்கையில் பாயும். இரண்டு கையும் எப்போதும் உளி முனைக்குப் பின்னால் இருக்க வேண்டும். சாணைக்கல்லில் உளியை எந்தச் சாய்வில் பிடிப்பது என்பதும் பார்த்துப் பழக வேண்டியதே.

சுவீடன் நாட்டில் நாஸ் என்ற இடத்தில் ஓட்டோ சாலமன் என்பவர் 1870-களில் பள்ளி ஆசிரியர்களுக்கு மரவேலை கற்றுக் கொடுக்கத் தொடங்கினார். பல நாடுகளிலிருந்தும் ஆசிரியர்கள் அங்கே போனார்கள். அவர் முறையில் முதலில் கத்தி மட்டும். எளிதிலிருந்து கடினத்துக்குப் போக வேண்டும். செய்வதெல்லாம் வீட்டுக்கு உதவும் பொருளாக இருக்க வேண்டும். மாணவர் செய்யும் பொருளில் ஆசிரியர் கை வைக்கக் கூடாது. முழங்கையைத் தட்டலாம், பலகையைத் தொடக் கூடாது! நல்ல குருவுக்கு இதுவே அடையாளம் என்பது என் எண்ணம்.

நம் நாட்டு இடைநிலைப் பள்ளிகளில் ‘கெமாஹிரான் ஹிடுப்’ என்ற வாழ்வியல் பாடத்தில் கொஞ்சம் மரவேலை இருந்தது. 2017 முதல் அதன் இடத்தில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற புதுப் பாடம் படிப்படியாக வந்துவிட்டது. ஆகவே பிள்ளைகளுக்கும் வெளியில்தான் ஆள் பார்க்க வேண்டும்.

போர்ட் கிள்ளானில் எங்கே தேடுவது? மேசை நாற்காலி பழுது பார்க்கும் கடைகள், ஏற்றுமதிக்குப் பெட்டி அடிக்கும் பட்டறைகள், கோயில் வாகனங்களைச் செப்பனிட வரும் ஆசாரிகள். “எனக்குச் சொல்லிக் கொடுங்கள்” என்று வெறுங்கையோடு போய் நிற்காதீர்கள். வேலை நேரத்தில் யாருக்கும் எரிச்சல்தான் வரும். கால் ஆடும் முக்காலி ஒன்றைத் தூக்கிக் கொண்டு போங்கள். “அண்ணே, இது ஏன் ஆடுது?” என்று கேளுங்கள். சீனராக இருந்தால் ‘அங்கிள்’, மலாய்க்காரராக இருந்தால் ‘பாக்சிக்’. கழுந்து துளையில் தளர்ந்திருப்பதை அவர் காட்டுவார். அடுத்த சனிக்கிழமை சீவல் கூட்டிக் கொடுக்க வரட்டுமா என்று கேளுங்கள். பெண் பிள்ளைகளும் கேட்கலாம். உளிக்கு ஆண், பெண் தெரியாது.

இதையே பிழைப்பாக்க நினைக்கும் இளைஞர்களுக்கு எஸ்.எல்.டி.என். என்ற இரட்டைப் பயிற்சி முறை 2005-இல் தொடங்கியது. பயிற்சியில் 70 முதல் 80 விழுக்காடு பட்டறையிலேயே நடக்கும், மீதி வகுப்பில். முடிவில் மலேசியத் திறன் சான்றிதழ். பல ஆண்டுகள் வேலை செய்தும் சான்றிதழ் இல்லாத தச்சர்களுக்கு, செய்த வேலையை ஆதாரமாகக் காட்டிச் சான்றிதழ் பெறும் பி.பி.டி. என்ற வழியும் உண்டு. உங்களுக்குக் கற்றுத் தரும் பெரியவரிடம் இதைச் சொல்லுங்கள். கற்றதற்கு ஒரு கைம்மாறாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேரித் தீவுக்கும் போய் வாருங்கள். தெலோக் பங்லிமா காராங் பக்கமிருந்து பாலம் இருக்கிறது. சுங்கை பும்புன் கிராமத்து மா மெரி மக்கள், சதுப்பு நிலத்து நீரே பத்து மரத்தில் மூதாதையர் உருவங்களையும் முகமூடிகளையும் செதுக்குகிறார்கள். இளையவர்கள் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழகிய கலை அது.

பழகுவதற்கு மரம்? தோட்டத்து வாசகர்களுக்கு ரப்பர் மரம் தெரியும். 25, 30 வருடம் பால் கொடுத்து முடித்தபின் முன்பெல்லாம் விறகாகப் போன மரம், இன்று ஏற்றுமதி நாற்காலியாகிறது. ஆனால் வெட்டிய கையோடு போரான் மருந்து ஏற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துக் கறுக்கும்; வண்டும் துளைக்கும். வீட்டுப் பின்புறம் கிடக்கும் கட்டையை நம்ப வேண்டாம்.

துறைமுகத்து ஊரில் சரக்குத் தட்டுப் பலகைக்குப் பஞ்சமில்லை. கேட்டு வாங்குங்கள், நீலச் சாயம் பூசியவை பெரும்பாலும் வாடகைக் கம்பெனிகளுடையவை, தொடாதீர்கள். பலகையில் கதிர் போன்ற முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்றது, எடுத்துக் கொள்ளலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது. வேண்டாம், அடுப்பிலும் எரிக்காதீர்கள். எண்ணெய் சிந்திய பலகையும் வேண்டாம். ஆணிகளை ஒன்று விடாமல் பிடுங்கிய பிறகே ரம்பத்தை வையுங்கள். முதலில் ஒரு சின்ன மணை செய்து அந்த அண்ணனிடம் கொண்டு போய்க் காட்டுங்கள். எந்த மூலை திறந்திருக்கிறது என்று அவர் சொல்வார்.