புள்ளிவிவர ஆராய்ச்சியின் வாயில்

சர்வகலாசாலைகளில் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு மாணவர்களைச் சேர்க்கும் முறை பற்றிய விவாதத்தில் விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களின் குரல் கேட்பதேயில்லை. புள்ளிவிவர சாஸ்திரத்தைப் பொறுத்தவரை அவ்வூர்களுக்குப் பேச விசேஷ உரிமை உண்டென்பது நமது அபிப்பிராயம்.

1910-ம் வருஷத்தில் கும்பகோணத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கித் திருக்கோயிலூருக்கு வண்டி மாறினார். அங்கே டெபுடி கலெக்டராயிருந்தவர் வி. ராமஸ்வாமி ஐயர், 1907-ல் இந்தியக் கணித சங்கம் தோன்றக் காரணமானவர். எப்.ஏ. பரீட்சையில் தவறியிருந்த இளைஞர் அவரிடம் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. காட்டியது ஒரு நோட்டுப் புத்தகம். அவர்தாம் ஸ்ரீநிவாஸ ராமானுஜன். அப்புத்தகத்தைக் கண்டபின் அவரை ரெவினியூ இலாகாவின் அடிப்படியில் அமுக்கிவிட ஐயருக்கு மனம் வரவில்லை. சென்னை நண்பர்களிடம் அனுப்பிவைத்தார்.

இதற்கும் புள்ளிவிவரத்துக்கும் என்ன சம்பந்தமென்று வாசகர்கள் கேட்கலாம். 1913 பிப்ரவரியில் ராமானுஜனின் கணக்குகளைப் பார்த்துவிட்டு, அவருக்கு உதவுமாறு சென்னை சர்வகலாசாலைக்கு எழுதிய கில்பர்ட் வாக்கர், இந்திய வானிலை இலாகாவின் தலைவர். பருவமழையைப் புள்ளிவிவரத் தொடர்புகளைக் கொண்டு முன்னறிய முயன்றவர். அவர் பெயர் தாங்கிய சமன்பாடுகளை இச்சாஸ்திர மாணவர்கள் இன்றும் படிக்கின்றனர். பட்டமில்லாதவருக்கு ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் வழங்க விதியில் இடமில்லையென்ற ஆட்சேபம் எழாமலில்லை. ஆராய்ச்சியை வளர்ப்பதும் சர்வகலாசாலையின் நோக்கமென்று சட்டத்தின் முகவுரையிலேயே இருப்பது எடுத்துக் காட்டப்பட்டது. விதிக்கும் முகவுரைக்கும் பிணக்கு நேர்ந்தால் கட்சிக்காரர் எந்தப் பக்கமோ வக்கீலும் அந்தப் பக்கம் என்பது நமது தொழிலுக்குள்ள பழைய பழி. அன்றைய சிண்டிகேட் முகவுரையின் பக்கம் நின்றது. துறைமுக ஆபீஸில் மாதம் 30 ரூபாய் வாங்கிய குமாஸ்தா, அவ்வருஷம் மே மாதம் முதல் 75 ரூபாய் பெறும் ஆராய்ச்சி மாணவரானார்.

இன்றைய வாயில் எப்படியிருக்கிறது? பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, எம்.எஸ்ஸி. முடித்து வருபவருக்கு 55 சதவிகித மார்க்கு வேண்டும். பிற்பட்டோர், தாழ்த்தப்பட்டோர் முதலியோருக்கு 5 சதவிகிதம் தளர்வு உண்டு. பிரவேசப் பரீட்சைக்கு 70 பங்கு, நேர்முகத்துக்கு 30 பங்கு. பேராசிரியர் ஒருவரிடம் 8 பேர், இணைப் பேராசிரியரிடம் 6 பேர், உதவிப் பேராசிரியரிடம் 4 பேருக்கு மேல் சேரக்கூடாது. உபாத்தியாயர் பதவிகள் காலியாகக் கிடக்கும் துறையில் இக்கணக்கின் பொருள் வெளிப்படை: ஆளில்லையேல் இடமுமில்லை.

2024-ல் தேசியத் தகுதித் தேர்வின் மார்க்கையே இப்பிரவேசத்துக்கும் கொள்ளலாமென்று குழு அறிவித்தது. புள்ளிவிவரம் பயின்றவர் அதில் எழுதுவது கணித விஞ்ஞானத் தாள். அதன் பாடத்திட்டத்திலுள்ள நான்கு பகுதிகளில் புள்ளிவிவரத்துக்கு உரியது ஒன்றே. வினாத்தாள் வந்தது ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும். ஹிந்தி மாணவன் தன் தாய்மொழியில் வினாவைப் படித்து விடை தேடத் தொடங்கிய பிறகும், தமிழ் வழியில் படித்த திண்டிவனத்துப் பையன் வினாவின் பொருளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். அவனுடைய கணித அறிவையா இது சோதிக்கிறது? தேறினாலும், உபகாரச் சம்பளத்துக்குரிய வரிசையில் வந்தவருக்கே 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். பிரவேசத்துக்கு மட்டும் தகுதி பெற்றவருக்கு அது இல்லை. குறைந்தது மூன்று வருஷம் அவன் எதைக்கொண்டு ஜீவிப்பது?

பரீட்சையே வேண்டாமென்பது நமது கட்சியன்று. நேர்முக அறையில் சிபார்சும் ஜாதியும் என்ன செய்யுமென்பதை அறியாதவரே அனைத்தையும் அதற்கு விட்டுவிடச் சொல்வர்.

2021-ல் விழுப்புரத்துக்கென ஒரு சர்வகலாசாலைச் சட்டம் பிறந்து, அதே வருஷத்தில் ரத்தாயிற்று. ஜில்லாவின் கலாசாலைகள் சிதம்பரம் அண்ணாமலை சர்வகலாசாலையில் இணைக்கப்பட்டன. அந்தக் கட்சிச் சண்டையில் நாம் புகவில்லை. இணைப்பு பரீட்சைக்கும் பட்டத்துக்கும் மட்டுந்தானா, ஆராய்ச்சிக்கும் உண்டா என்பதே நமது கேள்வி. இரண்டு ஊர்களிலும் அரசாங்கக் கலாசாலைகள் இருக்கின்றன.

ஆராய்ச்சிக்குப் பொருளும் இருக்கிறது. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் நிலக்கடலை ரகங்கள் டி.எம்.வி. என்று ஊர்ப் பெயரையே தாங்குபவை; டி.எம்.வி. 2 வெளியானது 1940-ல். ஒரு ரகம் கூடுதலாக விளைந்தால் அது விதையின் குணமா, பாத்தி மண்ணின் குணமா என்று எப்படிப் பிரித்தறிவது? எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தீர்மானிக்க வேண்டுமென்று நிலைநாட்டியவர், 1919-ல் ராதாம்ஸ்டெட் விவசாய நிலையத்தில் சேர்ந்த ரொனால்டு பிஷர். அவரிடம் பயின்று 1948-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றவர் சி. ஆர். ராவ். ராவ் முதலில் ஆந்திர சர்வகலாசாலையில் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். கெடு கடந்து வந்ததென்று அது தள்ளப்பட்டது. வேலை தேடிக் கல்கத்தா சென்ற இடத்தில் மஹலனோபிஸின் புள்ளிவிவர ஸ்தாபனம் அவருக்கு இடமளித்தது.

ஆகவே நாம் கேட்பது மிகையன்று. வினாத்தாள் தமிழிலும் வரவேண்டும். காலிப் பதவிகளை நிரப்பி, இவ்விரு ஊர்களிலும் ஆராய்ச்சி வழிகாட்டிகளை அமர்த்தவேண்டும். நேர்முகத்துக்கு வரும் மாணவன் திண்டிவனம் விற்பனைக் கூடத்தின் பத்து வருஷ நிலக்கடலை வரவுக் கணக்கைக் கையில் கொண்டுவந்து, அதில் தான் கண்டதை எடுத்துச் சொன்னால், அந்த 30 பங்கில் அதற்கு எத்தனை என்பதைச் சிண்டிகேட்டுகள் அடுத்த பிரவேச அறிக்கையிலேயே அச்சிடட்டும்.