ரெக்கார்டரில் பெரியம்மாவின் குரல்

சித்தூர், திருப்பதிப் பக்கத்துத் தமிழை நம் பிள்ளைகளில் பலர் கேட்டிருக்க மாட்டார்கள். 1911-இல் சித்தூர் மாவட்டம் அமையும் வரை சித்தூர் வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. 1953-இல் ஆந்திர மாநிலத்துடன் சேர்ந்தது. 1960-இல் திருத்தணியும் அதைச் சூழ்ந்த ஊர்களும் தமிழகத்துக்கு வந்தன. சித்தூரும் திருப்பதியும் அங்கேயே நின்றன. அதனால் அங்குள்ள தமிழ் வீடுகளில் ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியும் வரும்.

சித்தூரில் என் பெரியம்மா சொன்ன பழங்கதைகளை டிஜிட்டல் ரெக்கார்டரில் ஒரு மணி நேரம் பதிவு செய்தேன். கருவி குறை வைக்கவில்லை. பிறகு, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் ஒன்றிடம் அதைக் கொடுத்தேன். தமிழ் என்று குறித்தால் தெலுங்குச் சொற்கள் சிதைந்தன. தெலுங்கு என்றால் தமிழ் சிதைந்தது. குறித்த மொழியில் வழக்கமாக வரும் சொற்களைக் கொண்டே அது ஊகிக்கிறது. செய்தி வாசிப்பது போன்ற தமிழ் அதற்கு எளிது. "அவ்வா" என்று பாட்டியை அழைக்கும் வீட்டுத் தமிழ் கடினம். கடைசியில் நானே கேட்டுக் கேட்டு எழுதினேன்.

அன்னமாச்சாரியாரின் பாடல்களைச் செப்பேட்டில் பொறித்து வைத்ததால்தான் அவை திருமலையில் நூற்றாண்டுகள் தாண்டி நின்றன. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் அன்பர்களே, பெரியவர்களின் சம்மதத்துடன் அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ரெக்கார்டரை மடித்த துண்டின்மேல், பேசுபவருக்கு அருகில் வையுங்கள். ஒருவர் பேசி முடித்தபின் அடுத்தவர் பேசட்டும். பதிவை இரண்டு இடங்களில் நகலெடுத்து வையுங்கள். எழுதுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.